பனிக்குள் பறந்த பேரிங்

எங்கள் பனிவண்டி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அப்போது பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. வெளியே 'கீ...' என்று ஒரு சத்தம் கேட்டது. பல் கூசியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையில் நல்லபடியாக நின்ற வண்டி, இப்போது கத்திக்கொண்டே வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் ஜெய்பிட்டி. வேறு யாராக இருக்கும்?

இறங்கினான். ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். குனிந்து வண்டியின் அடியில் ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எதிரில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்துவிட்டான்.

நாற்பது வயதைத் தாண்டிய ஆளை 'அவன், இவன்' என்கிறேனே என்று நினைக்காதீர்கள். அவன் என் மகன்.

எனக்கு வயது பத்து. நான் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜெய்பிட்டியின் அம்மா இறந்துபோனாள். அவள் பெயர் உலாயுக். அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். எங்கள் ஊரில் பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. அதனால் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஜெய்பிட்டி என்னை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். நான் பேசக் கற்றுக்கொண்டதும் அவனை 'மகனே' என்று கூப்பிட்டேன். இது எங்களுக்கு விளையாட்டு இல்லை. அவன் எனக்கு மகன்தான்.

வண்டியை எடுத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. சாவி எப்போதும் வண்டியிலேயேதான் தொங்கும். வேண்டியவர் எடுப்பார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். ஆனால் எடுத்த மாதிரியே கொண்டுவந்து விட வேண்டும் இல்லையா?

ஓடிப்போய்ப் பனியில் குப்புறப் படுத்து வண்டியின் அடியில் பார்த்தேன். பின்பக்கம் ஓர் அகலமான ரப்பர் பட்டை சுற்றும். அந்தப் பட்டைக்குள்ளேதான் சஸ்பென்ஷன். அதில் வரிசையாகச் சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். பட்டை வழுக்கிக்கொண்டு ஓடுவது அவற்றின் மேல்தான். அதில் ஒரு சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து தொங்கியது. நடுவில் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஏதோ கூழ். விரலால் தொட்டேன். ஒரு குட்டி இரும்புக் குண்டு உருண்டு பனியில் விழுந்தது.

இன்றைக்கா இது உடைய வேண்டும்?

நாளை மதிய விமானத்தில் அப்பா வருகிறார். அவருக்குத் தொலைவில் ஒரு சுரங்கத்தில் வேலை. இந்த முறை சனி, ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. அவர் வந்த கையோடு நாங்கள் ஏரிக்குப் போகிறோம். ஊரே அங்கேதான் போகிறது. பனியில் துளை போட்டு மீன் பிடிப்போம், கூடாரத்தில் தூங்குவோம். அடுத்த முறை அப்பா வருவதற்குள் ஆற்றுப் பனி உடைந்துவிடும். ஏரிக்குப் பாதையே இருக்காது. போன வருடம் அவருக்கு விடுப்பே கிடைக்கவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க நான் இந்த இரண்டு நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

உள்ளே ஓடினேன். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, ஜெய்பிட்டி வண்டிய உடைச்சுட்டான்."

"சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுமா சும்மா இருக்க? போய் நல்லா நாலு வார்த்த கேளு."

"எதுக்கு? அவனே வருவான்."

"வந்து என்ன கிழிக்கப் போறான்? நாளைக்கு அப்பா வர்றாரு. ஊர்ல எல்லாரும் அவங்கவங்க வண்டியில கிளம்பிருவாங்க. நாம ஜன்னல் வழியா டாட்டா காட்டணுமா? போய் சண்ட போடும்மா."

அம்மா சிரித்தாள். "சண்ட போடறதுக்கு நான் என்ன கைக்குழந்தையா?"

எங்கள் ஊரில் பெரியவர்கள் கோபப்படுவதில்லை. கோபம் என்பது பல் முளைக்காத பிள்ளைகளின் சமாச்சாரம். பெரியவர் யாராவது கத்திவிட்டால், மற்றவர்கள் அவருக்காக வெட்கப்பட்டுத் தரையைப் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அதற்கும் சிரிப்பார்கள்.

அம்மா சொன்ன மாதிரியே ஜெய்பிட்டி வந்தான். எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தான். சாய்ந்து தொங்கிய சக்கரத்தைக் கழற்றினான். கடைக்குப் போனான். திரும்பி வந்தான். சக்கரத்தோடு தன் வீட்டுக்குள் புகுந்துகொண்டான்.

அப்புறம் கேட்டது.

டங். டங். டங்.

"ஐயையோ," என்றேன். "சுத்தியல எடுத்துட்டான்."

ஜெய்பிட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீல் என்னும் கடல்நாய் மூச்சுவிட வரும் பனித்துளைக்குப் பக்கத்தில் அரை நாள்கூட அசையாமல் நிற்பான். இமைகூடக் கொட்ட மாட்டான். அவ்வளவு பொறுமை. ஆனால் இயந்திரம் என்று வந்துவிட்டால் அந்தப் பொறுமை எங்கே போகுமோ தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே கருவி சுத்தியல். தன் சொந்தப் பனிவண்டியைப் போன மாதம் சுத்தியலாலேயே ரிப்பேர் செய்து முடித்துவிட்டான். அது இப்போது வீட்டுக்குப் பின்னால் பனிக்கு அடியில் கிடக்கிறது. அதன் சக்கரங்களும் எங்கள் வண்டிக்குச் சேராது. அளவு வேறு.

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நானும் தட்டவில்லை. அடுப்புச் சூட்டுக்கு அவன் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தான். நேராக உள்ளே போய் நின்றேன்.

தரையில் அட்டையை விரித்து, அதன்மேல் சக்கரத்தை வைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சுத்தியல். அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்தது.

"வா அம்மா," என்றான் தலையைத் தூக்காமல். "இப்ப முடிஞ்சிரும்."

"என்ன முடிஞ்சிரும்?"

"புது பேரிங். உள்ள போக மாட்டேங்குது. ரொம்ப இறுக்கம்."

"எதுல அடிச்ச?"

சுத்தியலைக் காட்டினான்.

"அது தெரியுது. எந்த எடத்துல அடிச்ச?"

பேரிங்கின் நடு வளையத்தைக் காட்டினான். அங்கே பளபளவென்று புதுக் காயங்கள். நான் அதைப் பிடுங்கி விரலால் சுற்றிப் பார்த்தேன். சுற்றவில்லை. கரகரவென்றது, உள்ளே மணல் அள்ளிப் போட்ட மாதிரி.

அப்பா வண்டி வேலை செய்யும்போதெல்லாம் டார்ச் பிடிப்பவள் நான்தான். பேரிங்கில் வெளி வளையம் ஒன்று, உள் வளையம் ஒன்று. நடுவில் குண்டுகள். வெளி வளையம்தான் சக்கரத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அவ்வளவு அடியும் குண்டுகள் மேல் விழும். 'நடுவுல மட்டும் கைய வைக்கவே கூடாது' என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் சுரங்கத்துப் பட்டறைக்குச் சக்கரத்தைக் கொண்டுபோய், அங்கே இருக்கும் இயந்திரத்தில் வைத்து அழுத்திப் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் ஊரில் அப்படி இயந்திரம் கிடையாது.

"இது போச்சு," என்றேன். "செத்துப்போச்சு. புதுசு வாங்கி அஞ்சு நிமிஷத்துல கொன்னுட்ட."

"இன்னொண்ணு இருக்கு," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"கடையில?"

மூக்கைச் சுருக்கினான். அப்படியென்றால் கடையில் இனி இல்லை. இதுதான் கடைசி.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் கடைசிப் பேரிங்கைச் சக்கரத்தின் மேல் வைத்தான். சுத்தியலை ஓங்கினான். நான் பாய்ந்து பேரிங்கைப் பறித்துக்கொண்டேன்.

"நீ எங்க போன? மொதல்ல அதச் சொல்லு. வண்டிய எடுத்துட்டு எங்க போன?"

"விமானம் எறங்கற எடத்துக்கு."

"ரோட்டு வழியாவா?"

புருவத்தைத் தூக்கினான். ஆமாம் என்கிறானாம்.

"அந்த ரோட்டுல பனியே இல்லையேடா. வெறும் கல்லு. பக்கத்துல அவ்வளவு பனி கெடக்கு, சுத்திப் போனா கொஞ்ச நேரந்தான் கூட ஆகும். பனி இல்லாம ஓட்டினா சக்கரம் காஞ்சு வெந்து போகாதா? இது என்ன லாரியா? அப்படி என்ன தலபோற அவசரம் உனக்கு?"

அவன் எழுந்து போய் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தான். திறந்தான். உள்ளே ஆரஞ்சுப் பழங்கள்.

"தெற்கேருந்து வந்துச்சு. வெளிய வெச்சிருந்தா உறைஞ்சு போயிரும்ல, அதான் அவசரம்," என்றான். "உனக்குத்தான் அம்மா. ஏரிக்கு எடுத்துட்டுப் போ. உனக்கு ஆரஞ்சுன்னா உயிராச்சே."

வருடா வருடம் இதே கதைதான். அவன் அம்மாவுக்கு ஆரஞ்சு என்றால் உயிராம். அதனால் எனக்கும் உயிராம். வருடா வருடம் அவன் எதிரில் உட்கார்ந்து சுளை சுளையாக முழுங்குவேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுங்குவேன். இந்தப் பழத்துக்காகத்தான் எங்கள் வண்டியை உடைத்தானா? இந்தப் பழத்துக்காகத்தான் நான் அப்பாவோடு ஏரிக்குப் போகக் கூடாதா?

"எனக்கு ஆரஞ்சே பிடிக்காது," என்று கத்தினேன். "ஒரு நாளும் பிடிச்சதில்ல. புளிப்பு. நாக்கு அரிக்குது. உங்கம்மாவுக்குப் பிடிச்சா எனக்குப் பிடிக்கணுமா?"

கத்தியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கையில் இருந்ததைத் திறந்த கதவு வழியாக வெளியே வீசிவிட்டேன். என் கையில் என்ன இருந்தது என்பது, அது பறந்து போன பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.



ஜெய்பிட்டி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெட்டியை மெதுவாக மூடினான். எழுந்து வெளியே போனான். மண்டியிட்டுப் பனியைத் தடவித் தடவித் தேட ஆரம்பித்தான்.

எனக்கு அவன் மேல் கோபம் போகவில்லை. இப்போது என் மேலும் சேர்ந்து வந்தது. இரண்டு கோபத்தையும் தூக்கிக்கொண்டு நானும் வெளியே போனேன்.

சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நின்றது. ஆனால் சாயங்காலக் குளிர் மூக்கைக் கடித்தது. கையுறை இல்லாமல் தேடினேன். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என் வாய் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தது. நாய் ஒன்று வந்து எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து நான்கு காலாலும் பனியைக் கலைத்தது. அதையும் திட்டி விரட்டினேன்.

கடைசியில், மூட்டை ஏற்றிப் பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டிக்கு அடியில் பனியில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. கையை விட்டேன். கிடைத்தது.

"ஆ!"

விரல் அதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு ஜில். மூச்சுக்காற்றை ஊதி ஊதி விரலை விடுவித்தேன். தோல் எரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஜாம் பாட்டில் ஞாபகம் வந்தது. மூடி இறுகிக்கொண்டால் அம்மா அதன் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவாள். மூடி கொஞ்சம் விரிந்துவிடும். அப்புறம் சுலபமாகத் திறக்கும். சூட்டில் விரியும் என்றால் குளிரில் சுருங்குமா? சுருங்கும். எங்கள் வீட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் கோடையில் சிக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அதுவாகவே லொடலொடவென்று ஆடும்.

பேரிங் சுருங்க வேண்டும். சக்கரம் விரிய வேண்டும்.

"மகனே," என்றேன். "டீத் தண்ணிய ஒரு பாத்திரத்துல ஊத்தி சக்கரத்த அதுல போடு."

"டீ?"

"டீ அப்பறம் குடிக்கலாம். சொன்னதச் செய்."

"இந்த பேரிங்க உள்ள எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தொடாத. அது குளிர்லயே கெடக்கட்டும். நான் காவல் நிக்கறேன்."

பேரிங்கைத் துடைத்து வாசல் கட்டையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். திரும்பி வந்த அந்த நாய் அதை முகர்ந்து பார்க்க ஆசைப்பட்டது. நான் பார்த்த பார்வையில் ஓடிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "சக்கரம் நல்லா சூடாயிருச்சு, உலாயுக்."

உலாயுக்.

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெற்ற அம்மாவை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? எனக்கு எங்கேயோ குத்தியது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை.

கையுறையால் பேரிங்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அவன் சக்கரத்தைத் துணியால் துடைத்து அட்டையில் வைத்தான். நான் பேரிங்கை நேராக வைத்து அழுத்தினேன். இத்தனை நேரம் அடம்பிடித்த இடத்தில், சுத்தியலே இல்லாமல், பாதிக்கு மேல் தானாக இறங்கியது.

ஜெய்பிட்டி வாயைத் திறந்தபடி பார்த்தான். அப்புறம் அவன் கை சுத்தியலைத் தேடிப் போனது.

"கைய எடு."

எடுத்துக்கொண்டான்.

அவன் கருவிப் பெட்டியில் வட்டமான இரும்புக் குழாய்கள் இருந்தன, நட்டுகளைத் திருப்ப. அதில் பேரிங்கின் வெளி வளையத்துக்குச் சரியாக இருக்கும் ஒன்றைத் தேடி எடுத்தேன். வெளி வளையத்தின் மேல் மட்டும் படும்படி வைத்தேன். உள் வளையத்தில் அது படவே இல்லை.

"இப்ப அடி. முட்டைய தட்டற மாதிரி."

டிக். டிக். டொக்.

கடைசி அடியின் சத்தம் மாறியது. பேரிங் அடிவரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது. அது கழன்று வராமல் பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி வளையம் போட வேண்டும். ஜெய்பிட்டி அதைக் குறட்டால் அமுக்கினான். அது 'டிங்' என்று தெறித்துக் கொதிகெண்டிக்குள் விழுந்தது.

"டீ வேணும்னு கேட்ட இல்ல, குடி," என்றேன்.

இரண்டாம் தடவை அதுவும் உட்கார்ந்தது. நான் சக்கரத்தை விரலில் மாட்டிச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. நின்றுவிடும் என்று பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாங்கள் இருவரும் போய் அதை வண்டியில் மாட்டினோம். சாய்ந்து கிடந்த வண்டியை அவன் தூக்கி நிறுத்தினான். ஓட்டிப் பார்த்தான். அழுகை நின்றுவிட்டது.

"உனக்கு ஆரஞ்சு பிடிக்காதுன்னா," என்றான் தரையைப் பார்த்தபடி, "வேற என்னதான் பிடிக்கும்?"

இதுவரை இதை அவன் கேட்டதே இல்லை.

"மீன் தல," என்றேன். "அதுல கண்ணு."

"எங்கம்மா அத தொடவே மாட்டா," என்று மூக்கைச் சுருக்கினான். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் அப்பா வந்தார். வந்த கையோடு கிளம்பினோம். வழி முழுக்க அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, வண்டியின் அடியில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். வரவில்லை. வண்டி இல்லாத ஜெய்பிட்டி பின்னால் எங்கள் சறுக்குவண்டியில், மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து வந்தான்.

ஏரியில் அப்பாவும் நானும் ஒரே துளைக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தோம். அடியில் சிவப்பு வயிற்று மீன்கள் போய் வந்தன. ஆளுக்கு ஒரு தூண்டில். எனக்கு இரண்டு மீன். அப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. "துளை உன் பக்கமா சாஞ்சிருக்கு," என்றார் அப்பா. ஒப்புக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் ஜெய்பிட்டி வந்தான். ஏரிக்கு வந்ததிலிருந்து அசையாமல் நின்றதற்குக் கூலியாக, என் கை நீளத்துக்கு ஒரு மீன் பிடித்திருந்தான். அம்மா அதைக் கொதிக்க வைத்தாள். சுற்றிலும் நாலைந்து குடும்பம் உட்கார்ந்திருந்தது. தலையைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து, எல்லோரையும் தாண்டி என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தா உலாயுக். ரெண்டு கண்ணும் இருக்கு."

நான் வாங்கவில்லை. நேற்றும் இப்படித்தான் கூப்பிட்டான்.

"யாருடா உலாயுக்?" என்றேன். "பேர் சொல்லியா கூப்பிடற? ஆரஞ்சு பிடிக்கலைன்னா நான் உனக்கு அம்மா இல்லன்னு ஆயிருமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அப்பா என் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

ஜெய்பிட்டி என் முன்னால் பனியில் உட்கார்ந்தான்.

"எங்கம்மாவுக்குக் கோபம் வந்தா கையில என்ன இருந்தாலும் வெளிய வீசிருவா," என்றான். "கரண்டி, கத்தி, எங்கப்பாவோட பூட்ஸ். வீசிட்டு, அப்பறம் அவளே ஓடிப்போய் தேடுவா. தேடும்போதும் திட்டிட்டே தேடுவா. ஊர்லயே அப்படிக் கோபப்பட்ட பெரிய மனுஷி அவ ஒருத்திதான்."

யாரோ, "உண்மைதான், உண்மைதான்," என்றார்கள்.

"நேத்து நீ பனியில மண்டி போட்டியே, நீ எங்கம்மாதான்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான். "அம்மான்னு கூப்பிடறது உனக்குத்தான் பிடிக்கலையோன்னு பேரச் சொன்னேன். ஆரஞ்சு மாதிரி இதுவும் எனக்காகத்தான் முழுங்கறியோன்னு நெனச்சேன்."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு கண்ணை எடுத்து வாயில் போட்டேன். மெத்தென்று, கொழுப்பாக, ரொம்ப நன்றாக இருந்தது.

"இனிமே அம்மான்னு கூப்பிடு," என்றேன். "வண்டிய ரோட்டுல ஓட்டாத. அந்தச் சுத்தியல எங்க வீட்ல கொண்டுவந்து வெச்சிரு."

"சரி அம்மா," என்றான் ஜெய்பிட்டி.

மறு கண்ணையும் தின்றேன்.